கூறு கெட்ட அங்காடி

(பாலக்கோட்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, ஞாயிறு இதழ் வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



பாலக்கோட்டு மேடையில் நான் பேசியபோது எதிரே அமர்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தக்காளி பயிரிடுவோர். மீதிப் பேர் அதைப் பறிப்போர், சுமப்போர், வண்டியேற்றுவோர். அவர்களிடம் போய்த் தக்காளியின் கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. ஆகவே அன்று நான் சுருக்கிச் சொன்னதை இன்று விரிக்கிறேன். அன்று விரித்ததைச் சுருக்குகிறேன். ஏனெனில் இன்று என் எதிரே இருப்பவர் நீங்கள். காலையில் இதழைப் புரட்டிவிட்டு, மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற நீங்கள்!

தருமபுரி மாவட்டத்துச் சாலையோரத்தில் சிவப்பைக் கண்டால் கொடித்தோரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பாலக்கோட்டுப் பக்கமும் மாரண்டஅள்ளிப் பக்கமும் காரிமங்கலத்துப் பக்கமும், விலை வீழ்ந்த வாரங்களில் நீங்கள் காணும் சிவப்பு தக்காளிச் சிவப்பு. கொட்டிக் கிடக்கும். ஆடு தின்று, மாடு தின்று, அவையும் சலித்து முகம் திருப்பிக்கொண்ட மிச்சம் வெயிலில் வெடித்துக் கிடக்கும். குழித்தட்டில் நாற்று வாங்கி, பாத்தியில் போர்வை விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, செடிக்குச் செடி குச்சி நட்டுக் கட்டி, ஊசிப்புழுவுக்கு மருந்தடித்து, இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கண்விழித்துக் காத்துப் பறித்த பழம் அது. கொட்டியவன் யார்? விளைவித்தவனே! பிள்ளையைப் பெற்றவளே ஆற்றில் விடத் துணிந்தாள் என்றால், அவள் நெஞ்சில் இரக்கமில்லை என்றா பொருள்? வேறு வழியில்லை என்று பொருள். பறிகூலி, சுமைகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் ஆகிய நான்கையும் கூட்டினால் வருகிற தொகை, பழம் விற்று வருகிற தொகையைவிடப் பெரிதாகிவிடுகிற நாளில், கொட்டுவதே அவனுக்குக் குறைந்த நட்டம்.

எத்தகைய மண்ணில் இது நடக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். காவிரி ஒகேனக்கல்லில் ஆர்ப்பரித்து விழுகிறாள். ஆனால் அந்த ஆர்ப்பரிப்பு பெரும்பாலும் வேறு மாவட்டத்து வயலுக்கு. இங்கே நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பல் கறைபட்டு, எலும்பு வளைந்து மக்கள் வாடினார்கள். அவர்கள் குடிப்பதற்கு நல்ல நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்கும் நீருக்கே அத்தனை ஆண்டு காத்திருந்த மாவட்டம் இது! உலகச் சராசரிக் கணக்கின்படி ஒரு கிலோ தக்காளி விளைய ஏறத்தாழ 200 லிட்டர் நீர் வேண்டும். 25 கிலோ கொண்ட ஒரு கிரேடைச் சாலையோரம் கவிழ்க்கிறவன் ஐயாயிரம் லிட்டர் நீரைக் கவிழ்க்கிறான். அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றின் அடியிலிருந்து மின்மோட்டார் மூச்சுத் திணறி இழுத்த நீர்.

தகடூர் என்பது இம்மண்ணின் பழம்பெயர். அதியமான் ஆண்ட தகடூர். அவனுடைய முன்னோர் இம்மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு பேசுகிறது. அரிதில் கிடைத்த ஒரே ஒரு நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அவன். நல்லவேளை, அன்று இடையில் ஒரு தரம்பிரிப்போன் நிற்கவில்லை. நின்றிருந்தால், “கனி சிறிதாக இருக்கிறது, மேலே ஒரு புள்ளியும் இருக்கிறது, திருப்பி எடுத்துச் செல்லுங்கள் மன்னா!” என்று கூறியிருப்பான்.

நகைச்சுவை இருக்கட்டும், நடப்புக்கு வருகிறேன். தக்காளி விலை வீழ்ச்சிக்குப் பேரங்காடிதான் காரணம் என்று நான் கூறவில்லை. கூறினால் பாலக்கோட்டு உழவரே சிரிப்பார். 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசே கூட்டுறவுக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க முன்வந்தது. அந்த விலையைக் கண்டு எல்லோரும் நட்டார்கள். நட்டதெல்லாம் ஒரே நேரத்தில் காய்த்தது. காய்த்ததெல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தது. சேமிக்க இடமில்லை, விலை சரிந்தது. நூறு ரூபாயில் உண்போன் அழுதான்; ஐந்து ரூபாயில் உழுவோன் அழுதான். இது பழைய நோய்.

ஆனால் நோய் இருக்கும் வீட்டில் ஒருவர் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு நுழைந்தாரே, அவரைப் பற்றித்தான் என் பேச்சு. 2012 செப்டம்பரில் ஒன்றிய அரசு, பல்பொருள் சில்லறை வாணிபத்தில் 51 விழுக்காடு வரை அன்னிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது எது? காய்கறி வீணாகிறது, பெரிய நிறுவனம் வந்தால் குளிர்பதனக் கிடங்கு வரும், குளிரூட்டிய வண்டி வரும், வீணாவது நிற்கும்! வருகிற முதலீட்டில் பாதியையாவது இத்தகைய பின்புல வசதிகளில் மூன்றாண்டுக்குள் போட வேண்டும் என்று அன்றைய விதியே சொன்னது. அன்னியர் வந்தது குறைவு. உள்நாட்டுப் பெருமுதலாளிகளின் அங்காடிகளோ அதற்கு முன்பே வந்துவிட்டன, பின்னும் வளர்ந்தன. 2015-இல் லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப்பின் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்து அறிவித்தது: அறுவடைக்குப் பின் வீணாகும் தக்காளி 12.44 விழுக்காடு. எட்டில் ஒரு பழம்! மருத்துவர் வந்தார், கட்டணம் பெற்றார், நோயாளி அப்படியே படுத்திருக்கிறார்.

பேரங்காடி எப்படிக் கொள்முதல் செய்கிறது? தனியொரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்ட நான் வரவில்லை; முறையைத்தான் சொல்கிறேன். முந்திய நாள் ஒரு தொலைபேசிச் செய்தி வரும், நாளை இத்தனை கிலோ என்று. எழுத்தில் ஒன்றும் இராது. விடியுமுன் பறித்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், அங்கே பழத்துக்குப் பெண்பார்க்கும் படலம்! ஒரே பருமன், ஒரே நிறம், கீறல் கூடாது, காம்படியில் பச்சை கூடாது. தேறியது போக மீதி உழவன் தலையில். சில நாள் தேறியதும் வேண்டாம், நேற்று நகரத்தில் விற்பனை மந்தம் என்பார்கள். அந்த மீதியைத் தூக்கிக்கொண்டு அவன் மண்டிக்கு ஓடுவதற்குள் காலை வியாபாரம் ஓய்ந்திருக்கும். வெயில் ஏறியிருக்கும். பழம் இளகியிருக்கும். பிறகு எங்கே போகும்? நான் முதலில் காட்டினேனே, அந்தச் சாலையோரத்துக்கு.

நான் நாடகம் எழுதுகிறவன். எதையும் கூண்டிலேற்றிப் பார்ப்பது என் பழக்கம். தக்காளியைக் கூண்டிலேற்றினேன். “உன்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது?” “ஒரு கன்னம் சற்றுச் சப்பையாக இருக்கிறதாம், ஐயா.” “புளிப்பு இருக்கிறதா?” “இருக்கிறது.” “சாறு?” “இருக்கிறது.” “ரசத்தில் போட்டால் குறை ஏதும் தெரியுமா?” “ரசத்தில் கன்னம் ஏது, ஐயா?” இதற்குமேல் அந்த வழக்கில் விசாரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் தண்டனை நிறைவேறிவிட்டது, விசாரணைக்கு முன்பே.

இப்போது நம் சந்தைக்கு வாருங்கள். காலையில் நல்ல பழம் எடைக்கு விற்பாள் காய்கறிக்காரம்மா. பொழுது சாயச் சாய, சிறுத்தது, இளகியது, ஒதுக்கப்பட்டது எல்லாவற்றையும் சாக்கு விரித்துக் கூறு கட்டுவாள். கூறு பத்து ரூபாய், இருபது ரூபாய்! கூலி முடித்து வருகிற தாய், அந்தக் கூறில் இரண்டை அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வாள். இரவுக் குழம்பு கொதிக்கும். விற்றவளுக்கும் காசு, வாங்கியவளுக்கும் கறி, குப்பைக்கு ஒன்றுமில்லை. எந்தப் பல்கலைக்கழகம் இவளுக்கு இந்தப் பொருளாதாரத்தைக் கற்றுத் தந்தது? 1999 நவம்பர் 14-இல் கலைஞர் மதுரையில் தொடங்கிவைத்த உழவர் சந்தையிலும் இதுதான் நடந்தது: விளைவித்தவனே விற்பான், சிறியதும் விலைபோகும், பெரியதும் விலைபோகும். ஆனால் குளிரூட்டிய பேரங்காடியில் எல்லாம் இருக்கிறது. விளக்கு இருக்கிறது, இசை இருக்கிறது, தள்ளுவண்டி இருக்கிறது, கூறு மட்டும் இல்லை. கூறு கெட்டவன் என்று நம் ஊரில் யாரைச் சொல்வார்கள்? அதே சொல்லைத்தான் நான் தலைப்பில் வைத்தேன்.

“புள்ளிவிவரம் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதிலே ஒரு தந்திரமும் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு. உணவகம் போன்றவற்றின் பங்கு 28. சில்லறைக் கடைகளின் பங்கு 12 மட்டுமே. பார்த்தீர்களா, கடைக்காரர் உத்தமர், இல்லத்தரசிதான் குற்றவாளி என்று பெருமுதலாளிகள் இந்தக் கணக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆனால் அந்த அறிக்கை அளந்தது கடைக்குள் வந்த பிறகு வீணானதை! கொள்முதல் நிலையத்து வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட பாலக்கோட்டுத் தக்காளி அங்காடியின் குப்பைத்தொட்டியில் விழுவதில்லை. ஆகவே அங்காடியின் கணக்கில் ஏறுவதுமில்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று நம் கையில் திணித்த பொட்டலம் நம் வீட்டில் அழுகுகிறது. அது நம் கணக்கில் ஏறுகிறது. முன்னே உழவன் தலையில், பின்னே இல்லத்தாள் தலையில். நடுவே நிற்பவர் கை மட்டும் சுத்தம்.

வெளிநாட்டில் இந்தச் சுத்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் மிகப்பெரிய அங்காடியான டெஸ்கோ, 2013-இல் முதன்முறையாகத் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதத்தில் அதன் கடைகளிலும் கிடங்குகளிலும் வீணானது ஏறத்தாழ 28,500 டன். பையிலடைத்து விற்கும் பச்சைக் கீரையில், வயல் முதல் வீடு வரை பார்த்தால், 68 விழுக்காடு வீண் என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. தானாகவா ஒப்புக்கொண்டது? குப்பைத்தொட்டிகளைக் கிளறிப் படம் பிடித்து, தெருவில் விருந்து வைத்து, மக்கள் கேள்வி கேட்ட பின்னால்! கென்யா நாட்டு உழவன் விளைவித்த பீன்ஸ், பொட்டலத்தின் நீளத்துக்கு அடங்க வேண்டும் என்பதற்காக இரு முனையும் வெட்டப்பட்டு வந்துகொண்டிருந்தது. கென்யாவில் பசி இல்லையா? இருந்தது. ஆனால் பொட்டலத்துக்கு அளவு இருந்தது!

பிரான்சு நாடு சட்டமே செய்தது. 2016 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்காடிகள் உண்ணத்தக்க பண்டத்தை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது என்று தடுத்தது. அறநிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து கொடுத்தாக வேண்டும் என்று பணித்தது. அதற்கு முன்பு என்ன செய்தார்கள் தெரியுமா? தொட்டியில் போட்ட ரொட்டியை ஏழை எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று அதன்மேல் சலவைக் காரத்தை ஊற்றிய கடைகள் இருந்தன. நாகரிகத்தின் தலைநகரில்! அச்சட்டத்தை நான் போற்றுகிறேன். ஆனாலும் போதாது என்கிறேன். மிஞ்சியதைப் பிச்சையிடு என்று அது சொல்கிறது; மிஞ்சவிடாதே என்று சொல்லவில்லை. கடை வாசலுக்குப் பின்னால் நடப்பதை அது கண்டுகொள்கிறது. வாசலுக்கு முன்னால், நம் உழவன் நிற்கும் இடத்தில் நடப்பதை அது தொடவில்லை.

தொட்டது வேறொன்று. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நெறிமுறை, அழுகும் பண்டத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் மாற்றுவதைத் தடுத்தது. முப்பது நாளுக்குக் குறைந்த முன்னறிவிப்பில் இரத்து செய்யக் கூடாது. முப்பது நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். வாங்கிய பின் அங்காடியின் கையில் கெட்டுப்போனதற்கு விற்றவனிடம் ஈடு கேட்கக் கூடாது. பிரிட்டனில் 2013-இல் இதற்கென்றே ஒரு நடுவரை அமர்த்தும் சட்டம் வந்தது. தட்டில் சோறு போடுவதற்கு முன், அடுப்படியில் நீதி வேண்டும் என்கிற அறிவு அது.

நம் நாட்டில்? மிஞ்சிய உணவைத் திரட்டி வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதி வகுத்தது. வழங்கலாம் என்றது, வழங்கியே தீர வேண்டும் என்று அங்காடியைக் கட்டவில்லை. காலாவதியானதும் கழிக்கப்பட்டதும் எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கொரு முறை கணக்குக் கொடுங்கள் என்று 2024 டிசம்பரில் அதே ஆணையம் ஆணையிட்டது. நன்று! ஆனால் அந்த ஆணை உணவுப் பொருள் தயாரிப்போருக்கும் பொட்டலமிடுவோருக்கும் இறக்குமதியாளருக்கும். வாசலில் திருப்பிய தக்காளிக்கு அதில் இடமில்லை. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென 2018 வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் அறிவித்தது. அதற்குப் பிறகும் பாலக்கோட்டுச் சாலை சிவந்தது. நம் தமிழ்நாட்டிலோ, நாட்டிலேயே முதலாவதாக, ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-இல் ஒரு சட்டம் உண்டு. எழுதிய விலையைத் தர வேண்டும் என்பது அதன் உயிர். ஆனால் எழுதினால்தானே? எழுதாமல், தொலைபேசியில் சொல்லி வாங்குகிறவரை அது எப்படிப் பிடிக்கும்!

ஆகவே நம் கோரிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அங்காடி எதுவாயினும், உழவனிடம் வாங்குவதை எழுத்தில் கேட்கட்டும். எவ்வளவு, என்ன விலை, எந்தத் தரம் என்று பறிப்பதற்கு முன்பே சொல்லட்டும். கேட்ட அளவைக் கேட்டபின் குறைத்தால், பறிகூலியும் வண்டி வாடகையும் அங்காடியின் தலையில் விழட்டும். இது ஒன்று நடந்தாலே, முந்திய நாள் மாலை விளையாட்டாய்ப் பேசும் வாய்கள் கணக்குப் போட்டுப் பேசத் தொடங்கும். அதோடு, வாசலில் திருப்பியது எவ்வளவு, கடையில் கழித்தது எவ்வளவு என்ற கணக்கைக் கடை வாசலிலேயே எழுதி வைக்கட்டும். உள்ளே ஒரு மூலையில் கூறு கட்டட்டும். பிரான்சில் இன்டர்மார்ஷே என்னும் அங்காடி 2014-இல் இதைச் செய்து பார்த்தது. கோணலான கேரட்டையும் சப்பையான ஆப்பிளையும் 30 விழுக்காடு விலை குறைத்துத் தனியே வைத்தது. மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நம் காய்கறிக்காரம்மாவின் சாக்கு விரிப்பு, பாரிசுக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்!

“காய்கறி வாணிபத்தில் பேரங்காடியின் பங்கே சிறிது, இதற்கா சட்டம்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்னும் நம் காய்கறி பெரும்பாலும் மண்டியிலும் சந்தையிலும் அண்ணாச்சி கடையிலும்தான் விலைபோகிறது. ஆனால் கன்று மாடாவதற்கு முன்பே மூக்கணாங்கயிறு போடுவதுதானே வழக்கம்? கொம்பு முளைத்தபின் கிட்டப் போகத்தான் முடியுமா? “கட்டுப்பாடு விதித்தால் முதலீடு ஓடிவிடும்” என்று இன்னொருவர் அஞ்சினார். நடுவர் அமர்ந்தபின் பிரிட்டனில் எந்த அங்காடி மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கையும் முழுக்கச் சுத்தமன்று. தள்ளுவண்டிக்காரரிடம் நின்று ஒவ்வொரு பழத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, வேண்டாம் என்று போட்டுவிட்டு வருகிறவர் நாம்தான். அழகான பழம்தான் வேண்டும் என்று அங்காடிக்குப் பாடம் சொன்னவரும் ஓரளவு நாம்தான். நம் மாநாட்டுப் பந்திகளில் மடித்த இலைக்குள் எவ்வளவு சோறு போகிறது என்பதைப் பரிமாறிய தொண்டர்களிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. பாலக்கோட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மேடையிலிருந்த சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை. தொழிலாளியின் வியர்வையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, அதில் விளைந்த சோற்றைக் குப்பையில் கொட்டுகிற உரிமை நமக்கும் கிடையாது.

தோழர்களே, இனி வேலைக்கு வருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் உழவர்களிடம் கையெழுத்துத் திரட்டும் பொறுப்பை நம் தோழர்கள் ஏற்றிருக்கிறார்கள். அது சட்டமன்றத்துக்குப் போகும் மனு. ஆனால் அங்காடி உழவனின் கையெழுத்துக்கு அஞ்சாது. வாங்குகிறவரின் கேள்விக்குத்தான் அஞ்சும். அந்தக் கேள்வி உங்களுடையது. நீங்கள் சென்னையில் இருக்கலாம், சேலத்தில் இருக்கலாம், ஓசூரில் இருக்கலாம். அடுத்த முறை அங்காடிக்குள் நுழையும்போது, தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மேலாளரிடம் சென்று, மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, இன்று இந்தத் தக்காளி எந்த ஊரிலிருந்து வந்தது? வந்ததில் எவ்வளவு திருப்பியனுப்பினீர்கள்? நேற்று விற்காதது இன்று எங்கே?” அவர் சொன்ன விடையை, அல்லது அவர் விடை சொல்லவில்லை என்பதை, கடையின் ஊரையும் நாளையும் குறித்து, ஓர் அஞ்சலட்டையில் எழுதி இவ்விதழின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.